மஞ்சள் கிழங்கில் சுற்றிய முடி

மஞ்சணத்திப்பட்டியில் பெண்களின் தலைமுடி தடிக்கத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, முடி குடோனில் மேஸ்திரி எல்லார் முன்னிலையிலும் மாடத்தியை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டி, அவள் பதில் பேசாமல் அந்த வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கிய நேரத்தில்தான் என்று ஊரில் பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். அதெல்லாம் இல்லை, அதற்கு எத்தனையோ காலம் முன்பே தடித்துக்கொண்டுதான் இருந்தது, தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் எதையும் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

எங்கள் ஊருக்கு முடிதான் பிழைப்பு. ஊர் ஊராகப் போய் சீப்பில் உதிர்ந்த சிக்குமுடியைப் பாத்திரத்துக்கும் பலூனுக்கும் வாங்கும் ஆட்கள் அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குடோனில் போடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிக்கெடுத்து, ஆணி அறைந்த பலகையில் இழுத்துச் சீவி, வேர்முனையும் நுனியும் பார்த்துத் திருப்பி, நீளம் பிரித்து, கனம் பிரித்துக் கட்டுவார்கள். கனம் பிரிக்க எங்கள் பெண்களுக்குக் கண் வேண்டாம். ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும், இது வடக்கத்தி முடி, இது நம்ம பக்கத்து முடி, இது கப்பலில் வந்த சீனத்து முடி, அதுதான் இருப்பதிலேயே தடிமன், இது வெள்ளைக்காரர் முடி, விரலில் நிற்கவே நிற்காது, இது ஆம்பளை, இது பொம்பளை, இது பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் உதிர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். இந்த விரல்களிலேயே பெரிய விரல் மாடத்தியுடையது.

விரல் ஞானம் குடோனோடு நின்றிருந்தால் தேவலை. அது நிச்சயதார்த்தத்துக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தட்டு மாற்றுவதற்கு முன் பெண் தலையிலிருந்து ஒரு முடியும் மாப்பிள்ளை தலையிலிருந்து ஒரு முடியும் வேரோடு பிடுங்கி உருட்டிப் பார்ப்பார்கள். ஆண் முடி தடித்தும் பெண் முடி மெலிந்தும் இருந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் பந்தியில் போட்ட இலையை எடுத்துவிட வேண்டியதுதான். பார்த்து முடித்ததும் இரண்டு முடியையும் ஒரு மஞ்சள் கிழங்கில் சேர்த்துச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுச் சாமி மாடத்தில் வைத்துவிடுவார்கள், தாலி இருக்கும் வரைக்கும் அதுவும் இருக்கும். உருட்டிப் பார்க்க மாடத்தியைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் தலைகுளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு போவாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய்த் தலைவாரும்போது, நுனியிலிருந்து வந்த அவள் விரல் வேருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. அரை விரல்கடை நீளத்துக்கு முடி வேறு யாருடையதோ போல இருந்தது. ஒரே வாரத்தில் மற்றப் பெண்களும் கண்டுகொண்டார்கள். ஓர் அடியோ ஒரு வசவோ வாங்கி, வாயைத் திறக்காமல் விழுங்கினால், உலை கொதிக்கும் நேரத்துக்குள் வேரில் தடிப்பு ஏறிவிடும். அழுதால் ஏறாது. கத்தினாலும் ஏறாது. சிறிய வலிக்குச் சிறிய தடிப்பு, பெரிய வலிக்குப் பெரிய தடிப்பு, நடுவில் நல்லபடியாகப் போன நாட்களுக்கு முடி மெலிந்து வளரும், ஆகையால் ஒரு பெண்ணின் ஒற்றை முடியை நுனியிலிருந்து வேர்வரை உருவினால் அவளுடைய நாலைந்து வருஷத்தை உருவிய மாதிரிதான்.

ஆண்களுக்கு ஏன் தடிக்கவில்லை என்று கேட்கக்கூடாது. அவர்களும் மேஸ்திரியிடமும் முதலாளியிடமும் லாரிக்காரனிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள்தான், ஆனால் எங்கள் ஊர் ஆண் எதையும் விழுங்கியதில்லை. வாங்கியதை அப்படியே வாயில் அடக்கிக்கொண்டு வீடுவரை நடந்து வந்து அங்கே துப்பிவிடுவான்.

இரண்டு வருஷம் போனது. மாப்பிள்ளையைவிட மெலிந்த முடியுள்ள பெண் ஊரில் ஒருத்திகூட இல்லாமல் போகவே கல்யாணங்கள் நின்றன. ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாட்டாமை சிவனணைந்த பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இங்க பாருங்கப்பா. பொம்பளைக்குத் தடிக்குதுன்னா அது அவ பொறுமைக்கு அளவு. இவ்வளவு நாளா பொறுமையான பிள்ளை எது, வாயாடி எதுன்னு தெரியாமலேயே கட்டிட்டு வந்து கஷ்டப்பட்டோம். இப்போ சாமியே அளந்து குடுக்குது. இனிமே மாப்பிள்ளை முடியவிட பொண்ணு முடி ஒண்ணுக்கு ஒண்ணரையா இருக்கணும். அப்படி இருந்தா தட்டு மாத்துவோம்."

எல்லாரும் சரி என்றார்கள். நூறு வருஷத்து வழக்கத்தைத் தலைகீழாக்க எங்களுக்கு ஒரு காபி குடிக்கும் நேரம்தான் ஆனது, அந்தக் காபியைப் போட்டுக் கொடுத்தவர்களும் பெண்கள்தான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் கோபத்தில் பெண்பிள்ளையை அடித்ததில்லை. இதை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை, ஆனால் உண்மை. பத்து வயது முடிந்த பெண்ணை வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, அதன் பிறகு அளவாக, பதமாக, கரண்டிக்காம்பாலோ வார்த்தையாலோ கொடுத்து, உலை கொதித்ததும் வேரைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பதம் போடுவது என்று பெயர். புளியங்கொட்டையைப் பரப்பி முட்டிபோட வைப்பது சிறு பிள்ளைகளுக்கு. பெரிய பெண்களுக்கு வார்த்தைதான் நன்றாகப் பிடிக்கும் என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். எங்காவது ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டிலிருந்து, "ஏட்டி, பதம் வீணாப் போவுது பாரு, வாயை மூடு" என்று பரிவோடு குரல் கொடுப்பார்கள்.

பட்டணத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர்கூட வந்தார். எந்தெந்த மக்களுக்கு முடி எவ்வளவு தடிமன், அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நாடு நாடாக அளப்பவர். இருநூறு ஆண், இருநூறு பெண் தலைகளிலிருந்து முடி எடுத்து ஒரு சிறிய கருவியில் கவ்வ வைத்து அளந்தார். அளந்தவர் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தார். மாடத்தி அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஐயா, இது பொறப்புல வந்ததில்ல. அடிச்சா தடிக்கும். அழுதா தடிக்காது" என்றாள்.

"அம்மா, என் படிவத்துல வயசு, ஆணா பெண்ணா, இனம், சாப்பாடு, தண்ணி, அஞ்சு கட்டம்தான் இருக்கு. நீங்க சொல்றதுக்குக் கட்டம் இல்லையே" என்றார் அவர். மோர் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

இந்த மக்களிடையே பெண்ணின் முடி ஆணின் முடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன், இது இவர்களின் மரபுக்கூறு என்று எழுதி அனுப்பினார். பஞ்சாயத்தில் அதைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள், எங்களுக்கு அதில் ரொம்பப் பெருமை.

பதம் ஏறாத பெண்ணும் ஒருத்தி இருந்தாள். சிந்தாமணி என்று பெயர், அவளுடைய அப்பா கை ஓங்கத் தெரியாத மனிதர். நிச்சயத்தன்று மாடத்தி அவள் முடியை உருட்டிவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். மெலிந்த முடி தலையில் இருந்தால் ஊர்ப்பெயர் கெட்டுவிடும் என்று அங்கேயே, பந்தல் வாழை வாடுவதற்கு முன், மழித்து அனுப்பினார்கள். மழிக்கும்போது சிந்தாமணி அழவில்லை. மறுபடியும் வளர்ந்த முடி கம்பி கணக்காக வந்தது, ஊரிலேயே அப்படி ஒரு முடி யாருக்கும் இல்லை, ஆனால் ஒருமுறை திருப்பி அனுப்பிய பெண்ணை யாரும் மறுபடி தொட்டுப் பார்ப்பதில்லை. அவள் குடோனின் கடைசி மூலையில் முக்காட்டோடு உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மாடத்தி அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூடப் போகமாட்டாள்.

அத்தனை பேருக்கு அளந்து சொன்ன மாடத்திக்கு ஒரே மகள், பூரணம். மாடத்தி அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பதம் போட்டதில்லை. இது வெளியே தெரியாது. மாடத்தியின் புருஷன் தளவாய் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், கையும் வாயும் நீளம். அவன் மகள் பக்கம் திரும்பும்போதெல்லாம் மாடத்தி நடுவில் போய் நின்றுகொள்வாள், மகளுக்கு விழ வேண்டியதும் சேர்ந்து அவள்மேலேயே விழுந்தது, அவளும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுச் சோறு வடிப்பாள். பூரணமோ எதற்கும் அழுகிறவள். கோழிக்குஞ்சு செத்தால் அழுவாள், பால் பொங்கி வழிந்தால் அழுவாள், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கும் அழுவாள். மாடத்தி அவளைக் குடோனுக்குக் கூட்டிப் போய் முடிமூட்டைகளுக்கு நடுவில் விட்டு, "நல்லா அழுட்டி, வெளிய கேக்காது" என்பாள். இருபத்திரண்டு வருஷம் அழுது அழுது, பூரணத்தின் முடி வெள்ளைக்காரர் முடியைவிட மெலிதாக இருந்தது. மாடத்தி அதைத் தடவித் தடவித்தான் தூங்குவாள். உலகத்தில் அவளுக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை.

அந்தப் பூரணத்தைக் கேட்டு ஆவுடைத்தாய் வந்தாள். அவள் மகன் மகராசன் குடோனில் எடை போடுகிறவன், மெதுவாகப் பேசுகிறவன், பூரணம் உட்காரும் பக்கம் மட்டும் மின்விசிறியைத் திருப்பி வைக்கிறவன். பூரணத்துக்கும் அவன்மேல் ஆசை. "வேண்டாம்னா வேண்டாம்மா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றால் பிடுங்கிப் பார்ப்பார்கள். தன் பெண்ணுக்குத் தானே அளக்கக் கூடாது என்பதால் ஆவுடைத்தாயே உருட்டிப் பார்க்கப்போகிறாள். மாடத்தி மூன்று நாள் யோசித்தாள். மூன்று நாளும் அவள் கண்ணுக்குள் சிந்தாமணியின் மொட்டைத் தலைதான் நின்றது.

நிச்சயத்தன்று விடியற்காலையில் மகளை முன்னால் உட்காரவைத்து, தன் தலையிலிருந்து நரைக்காத முடிகளாகப் பார்த்து வேரோடு ஏழு பிடுங்கினாள். பெண் முடி பார்க்கிறவர்கள் வலது காதுக்கு மேலேதான் கை வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷம் அவள் கைவைத்த இடமல்லவா. அந்த இடத்தில் மகளின் முடியோடு தன் முடியைக் குடோனில் சவுரி கட்டுகிற முடிச்சால், இழுத்தால் உருவிக்கொள்கிற மாதிரி இளக்கமாகக் கட்டி, வேர்முனை மேலே தெரிகிற மாதிரி, தொட்டால் முதலில் அதுவே கையில் வருகிற மாதிரி வைத்துப் பின்னினாள்.

"பிடுங்கும்போது வலிக்காது. நீ சும்மா இரு."

"பொய் இல்லையாம்மா இது?"

"பொய்தான்" என்றாள் மாடத்தி. "தலையைக் குனி."

ஆவுடைத்தாய் கைவைத்தாள், பிடுங்கினாள். தன்னுடையதல்லாத முடியைப் பிடுங்கினால் பூரணத்துக்கு எப்படி வலிக்கும்? இமைகூட ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் இருந்தவர்கள், ஒரு பெண்ணாவது முகம் சுளிக்காமல் இருந்து அதுவரை பார்த்திராதவர்கள், மூச்சை இழுத்துக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் விரலில் வைத்து உருட்டினாள். மறுபடியும் உருட்டினாள். ஒன்றுக்கு ஒன்றரை இல்லை, ஒன்றுக்கு மூன்று இருந்தது. ஆளுக்கு ஆள் வாங்கித் தொட்டுப் பார்த்தார்கள். தளவாய்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் மவள்லா" என்று மீசையைத் தடவிக்கொண்டான். தன் கைவேலைதான் அது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என் தாயி, எவ்வளவு தாங்கியிருக்கு பாருங்க இந்தப் பிள்ளை" என்று ஆவுடைத்தாய் பூரணத்தின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இரண்டு முடியையும் மஞ்சள் கிழங்கில் சுற்றித் தட்டில் வைத்தார்கள். மாடத்தி அன்றைக்கு இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள்.

சித்திரையில் கல்யாணம். ஆடி பிறந்ததும் சீர் கொண்டுபோய் மகளை அழைத்துவர மாடத்தி போனாள். ஆவுடைத்தாய் அவளை உள்ளே கூட்டிப் போய்ப் பாயை விரித்துப் போட்டு உட்காரவைத்து, கண் கலங்கினாள்.

"மைனி, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை மஞ்சக்கிழங்கை எடுத்து வச்சு, பிள்ளை தலையையும் தொட்டுப் பாக்கேன். பிள்ளைக்கு மெலிஞ்சு போச்சு. மெலிஞ்சு போச்சுன்னா, இப்படி அப்படி இல்ல, பச்சப்பிள்ளை முடி கணக்கா ஆகிப்போச்சு. எனக்கு உசிரே போயிருச்சு. பொறந்த வீட்டுல அம்புட்டுப் பதமா வளந்த பிள்ளை எங்க வீட்டுக்கு வந்து இப்படி ஆச்சுன்னா, ஊரு எங்களை என்ன சொல்லும்? சரியாப் பாத்துக்கிடலன்னுதானே சொல்லும்? அன்னையிலருந்து நாங்களும் ஒண்ணும் குறை வைக்கல. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவனுக்கு மனசு இளகுனது மைனி, பதம் போடும்போது அவன்தான் அழுவான். ஆனாலும் போடாம விட்டதில்ல. மூணு அமாவாசை ஆச்சு. இன்னும் பாதிகூட வரல. உங்க கைப்பக்குவம் எங்களுக்கு வரல. இந்த ஆடி முழுக்க உங்ககிட்ட இருக்கட்டும். பழைய அளவுக்கு ஏத்திக் குடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

அவள் உண்மையாகவே கும்பிட்டாள். மாடத்தி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மகளின் பின்னலை அவிழ்த்தாள். நுனியில் பிடித்து உருவிக்கொண்டே வந்தாள். இவள் பெற்ற முடி, இவள் தடவித் தூங்கிய முடி, வெகுதூரத்துக்கு அப்படியே வந்தது. வேருக்கு மூன்று விரல்கடை கீழே கல்யாணம் வந்தது. அதற்கு மேலே முதல் அமாவாசை. அதிலிருந்து வேர்வரை இடைவெளியே இல்லை. எந்த இடத்திலும் முடி ஒரு நாள்கூட மெலியவில்லை என்று மாடத்தியின் விரலுக்குத் தெரிந்தது, எது கரண்டிக்காம்பு, எது வார்த்தை, எது அடுப்பங்கரையில் நடந்தது என்றுகூடத் தெரிந்தது. இத்தனை நல்ல விரல்களை எதற்குக் கொடுத்தாய் என்று அவள் யாரைக் கேட்பாள்?

"அழுட்டி" என்றாள். "குடோனுக்குப் போவோம் வா. மூட்டைக்கு நடுவுல உக்காந்து எவ்வளவு வேணும்னாலும் அழு."

பூரணம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அழுதா ஏறாதும்மா."

"ஏறாட்டா போவுது. நான் போய்ச் சொல்லிருதேன். அது என் முடின்னு சொல்லிருதேன்."

"சொன்னா என்னை மழிச்சு அனுப்புவாங்க. சிந்தாமணி அக்கா பக்கத்துல எனக்கும் ஒரு இடம் போடுவாங்க. நீ அளந்து சொன்ன பிள்ளைகளையெல்லாம் திருப்பி அளப்பாங்க." பூரணம் குரலை உயர்த்தவே இல்லை. "அவரு நல்லவரும்மா. எனக்கு அவரு வேணும். உன் முடி அளவுக்கு வந்துட்டா அப்புறம் விட்டுருவாங்க. அத்தையே சொல்லிட்டாங்க, பழைய அளவு வந்துட்டா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மட்டும் போதும்னு."

"என் முடி உனக்கு எப்படிட்டி வரும்? அது இருபது வருஷம்."

"இருபது வருஷம் ஒரு ஆள் குடுத்ததுதானே. ரெண்டு மூணு பேரா குடுத்தா சீக்கிரம் வரும்" என்றாள் பூரணம், மிகச் சாதாரணமாக, மாவரைக்க எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குச் சொல்வது போல. பிறகு அடுக்களைக்குப் போய் உலை வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கரண்டியை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கி முதுகைக் காட்டினாள்.

"நீ போடும்மா. நீ போட்டா எனக்கு எல்லாத்தையும்விட வலிக்கும். மத்தவங்க போட்டா இப்போல்லாம் அவ்வளவா ஏற மாட்டேங்குது."

மாடத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து கதவுவரை போனாள், திரும்பி வந்தாள். தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். முற்றத்தில் தளவாய் இருமுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளே வருவான், நடந்ததைக் கேட்பான், சம்பந்தி வீட்டார் சொன்னதைக் கேட்பான், அப்புறம் அந்தக் கரண்டியை அவன் எடுப்பான். அவனுக்குப் பதமும் தெரியாது, இடமும் தெரியாது.

மாடத்தி கரண்டியை எடுத்தாள்.

பூரணம் ஒரு சத்தமும் போடவில்லை. இமை ஆடவில்லை. இந்த முறை வலி அவளுடையதேதான் என்றாலும் ஆடவில்லை. உலை கொதித்து மூடியைத் தள்ளியதும், யாரும் சொல்லாமலே மாடத்தியின் கை மகளின் வலது காதுக்கு மேலே போனது, இரண்டு விரலும் சேர்ந்து வேர்முனையை உருட்டின. ஏறியிருந்தது. ஆவுடைத்தாய் ஒரு மாதத்தில் ஏற்றியதற்குக் கொஞ்சமும் குறையாமல் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் மாடத்திக்கு வந்தது அழுகை அல்ல, நிம்மதி. கை அறிந்தவளின் நிம்மதி, எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த நிம்மதி.

"வந்திருக்காம்மா?" என்று கேட்டாள் பூரணம்.

"வந்திருக்குட்டி. நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மாடத்தி எழுந்து உலையில் அரிசியைப் போட்டாள். ஆடி முடிய இன்னும் முப்பது நாள் இருந்தது.